டயர் மாற்றிய பின் பின்சில்லு ஆடினால்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் முறை

வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன், புரட்டாதி மாதத்திலேயே பின் டயரை மாற்றிவிடுவது திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் ஓடும் பலருடைய வழக்கம். வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மறுநாள் காலையில் அவர்களில் ஒருவராவது என் கராஜ் வாசலில் வந்து நிற்பார். "அண்ணை, புது டயர் போட்ட நேரத்திலயிருந்து பின்னுக்கு ஆடுது, டயர் பிழை போல" என்பார். பத்தொன்பது வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். அவற்றுள் டயரே பிழையாக இருந்த சந்தர்ப்பங்களை இரண்டு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். மற்ற எல்லாவற்றிலும், டயரை மாற்றுவதற்காகக் கழற்றிய ஏதோ ஒன்று திரும்பச் சரியாகப் பூட்டப்படாமல் இருந்தது, அல்லது முன்னரே தேய்ந்திருந்த ஏதோ ஒன்று புது டயர் போட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது.

ஆகவே இந்த வழிமுறையின் அடிப்படை ஒன்றே: நேற்றுக் கைபட்ட இடங்களை முதலில் பார்க்க வேண்டும், கைபடாத இடங்களைப் பின்னர் பார்க்க வேண்டும். பெயாரிங் வாங்கிப் போட்டுப் பார்ப்போம், செயின் செட்டை மாற்றிப் பார்ப்போம் என்று பொருள்களை வாங்கத் தொடங்குபவர்கள் பணத்தையும் இழந்து, ஆட்டத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு திரும்பி வருவதை நான் அடிக்கடி காண்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை நம்மவர்கள் இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அதனால் பதினைந்து வருடத்தைக் கடந்த சிடி 100களும் டிஸ்கவர்களும் ஸ்ப்ளெண்டர்களும் இன்றும் நம் வீதிகளில் நிறைந்திருக்கின்றன. அப்படியான வண்டியில் பழைய தேய்வும் புதிய பிழையும் ஒன்றோடொன்று கலந்தே நிற்கும் என்பதால், அறிகுறியைக் கவனமாகப் பிரித்துப் பார்ப்பது இன்னும் அவசியமாகிறது.

ஓடிப் பார்ப்பதற்கு முன்னர்

ஆட்டம் எப்படி இருக்கிறது என்று அறிய வண்டியை மீண்டும் வீதிக்கு எடுப்பதற்கு முன், மூன்று விடயங்களை நின்ற இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். இவற்றைப் பார்க்காமல் ஒரு கிலோமீற்றர் கூட ஓட வேண்டாம் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

முதலாவது காற்று. டயர் கடைகளில் டயரின் விளிம்பு ரிம்மில் ஏறுவதற்காகக் காற்றை அதிகமாக அடித்துவிட்டு, பின்னர் இறக்க மறந்துவிடுவதுண்டு. டியூப் எங்காவது மெல்லக் கசிந்து இரவோடு இரவாகக் காற்று இறங்கிவிடுவதும் உண்டு. 100 முதல் 150 சிசி வரையான பெரும்பாலான வண்டிகளுக்குத் தனியாக ஓடும்போது பின் டயரில் 28 பிஎஸ்ஐ, பின்னால் ஒருவரை ஏற்றும்போது 32 பிஎஸ்ஐ அளவில் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு செயின் கவரிலோ கையேட்டிலோ எழுதப்பட்டிருக்கும். வெயிலில் ஓடி வந்தவுடன் அளந்தால் கூடுதலாகக் காட்டும் என்பதால், காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளப்பதே சரி.

இரண்டாவது, பின் அச்சின் நட். அது இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்பனரைப் போட்டு உறுதி செய்யுங்கள். அதில், நட் கழராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் போடும் துளை இருந்தால், அந்தப் பின் இருக்கிறதா, அதன் இரண்டு கால்களும் விரித்து மடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவதை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ட்ரம் பிரேக் உள்ள வண்டிகளில், பிரேக் சூக்களைத் தாங்கும் வட்டத் தட்டிலிருந்து, பின்சில்லைத் தாங்கும் கையான சுவிங் ஆம் வரை ஒரு கம்பி அல்லது தட்டையான இரும்புப் பட்டை செல்லும். பிரேக்கை மிதிக்கும்போது சில்லோடு சேர்ந்து அந்தத் தட்டும் சுழன்றுவிடாமல் பிடித்து வைத்திருப்பது இந்தப் பட்டைதான். சில்லைக் கழற்றும்போது இதையும் கழற்றியாக வேண்டும். திரும்பப் பூட்டும்போது, பிரேக் மிதியிலிருந்து வரும் நீளமான றொட்டை எல்லோரும் ஞாபகமாகப் பூட்டிவிடுவார்கள், ஏனென்றால் அது இல்லாவிட்டால் பிரேக்கே பிடிக்காது. இந்தத் தாங்கும் பட்டையை மறந்தாலோ மெல்லிய மிதியில் பிரேக் பிடிப்பது போலவே இருக்கும். பலமாக மிதிக்கும் அந்த ஒரு நாளில் தட்டு சுழன்று, றொட்டை முறுக்கி, சில்லை அப்படியே பூட்டிவிடும்.

சில வருடங்களுக்கு முன், இறக்கக்கண்டிப் பக்கமிருந்து மீன் பெட்டியுடன் வரும் ஒரு தம்பி, பின்பக்கம் "டொக்கு டொக்கு" என்று சத்தம் கேட்கிறது என்று சொல்லி வண்டியை நிறுத்தினார். குனிந்து பார்த்தேன். பட்டையின் பின்முனை அதன் போல்ட்டில்தான் மாட்டியிருந்தது, ஆனால் நட் இல்லை. போல்ட்டின் மரையில் மூன்று புரி மட்டும் பட்டைக்கு வெளியே தெரிந்தது. அந்த மூன்று புரியும் உராய்வில் புதிதாக மின்னிக்கொண்டிருந்தன. பெட்டியில் ஐஸ் போட்ட மீன், பின்னால் தம்பியின் மனைவி, இரண்டு நாளாக அப்படியே ஓடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து, எந்த அறிகுறியோடு வந்தாலும், டயர் மாற்றிய வண்டி என்றால் என் கை முதலில் அந்தப் பட்டைக்குத்தான் போகும்.

எங்கே ஓடிப் பார்ப்பது, எதைக் கவனிப்பது

இவை மூன்றும் சரியாக இருந்தால் ஓடிப் பார்க்கலாம். ஆனால் இடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். 2009 இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் வைத்துத்தான் ஆட்டம் தெரிந்தது என்று பலர் சொல்வார்கள். அந்தப் பாலத்தின் நடுவில் பக்கக்காற்று அடிக்கும்போது எந்தக் கோளாறும் இல்லாத வண்டியும் அசையும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் அது இன்னும் அதிகம். நிலாவெளி வீதியின் ஓரத்தில் கடற்கரை மணல் படிந்திருக்கும் இடங்களிலும் பின்சில்லு இழுபடும். இரண்டுமே வண்டியைப் பற்றி எதுவும் சொல்லாது. மரங்களும் கட்டடங்களும் காற்றை மறைக்கும், மணலில்லாத, சனமும் மாடும் குறைந்த ஒரு நேர்வீதியில், அதிகாலையில், மணிக்கு 20, 40, 60 கிலோமீற்றர் என மூன்று வேகங்களில் ஓடிப் பாருங்கள். பெட்டி, பை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தனியாக ஓடுங்கள்.

கவனிக்க வேண்டியவை: ஆட்டம் இருக்கையிலும் இடுப்பிலும் தெரிகிறதா, கைபிடியில் தெரிகிறதா; எந்த வேகத்தில் தொடங்குகிறது; வேகம் கூடும்போது கூடுகிறதா, மறைகிறதா; பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, வளைவில் மட்டுமா. கைபிடி மட்டும் நடுங்கி இருக்கை அமைதியாக இருந்தால், பின் டயரைக் குற்றம் சொல்வதற்கு முன் முன்சில்லையும் ஹாண்டில் பெயாரிங்கையும் பார்க்க வேண்டும். பின்பக்கக் கோளாறு முதுகுக்குக் கீழே தெரியும். வண்டியின் வால் யாரோ பிடித்து அசைப்பது போல இருக்கும்.

மெதுவாக ஓடும்போதே ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தூக்கிப் போடுதல்

மிக அதிகமாக வருவது இந்த அறிகுறிதான். 17 அங்குலச் சில்லுள்ள ஒரு சாதாரண வண்டியின் பின் டயர் ஒரு முறை சுற்றும்போது வண்டி ஏறத்தாழ 1.8 முதல் 1.9 மீற்றர் நகரும். ஆகவே மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு ஒரு செக்கனுக்கு மூன்று முறை சுற்றுகிறது. ஆட்டமும் செக்கனுக்கு மூன்று தடவை ஒரே சீராக வந்தால், சில்லில் ஏதோ ஓரிடம் மற்ற இடங்களைப் போல இல்லை என்று பொருள். வேகம் கூடும்போது தாளமும் கூடிக்கொண்டே போகும்.

இதற்குப் பெரும்பாலான காரணம், டயரின் விளிம்பு ரிம்மின் படியில் முழுச் சுற்றிலும் ஏறி உட்காராமல் இருப்பதே. டயரின் பக்கச்சுவரில், ரிம்முக்குச் சற்று மேலே, சுற்றிவர ஒரு மெல்லிய கோடு வார்க்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதை அழகுக்காகப் போட்டதென்று பலர் நினைக்கிறார்கள். டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அந்தக் கோடு இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி, அந்தக் கோட்டுக்கும் ரிம்மின் விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் அந்தக் கோடு ரிம்முக்குள் தாழ்ந்து மறைந்துபோனால், டயர் அவ்விடத்தில் உட்காரவில்லை. பல தடவை அந்த இடம் வால்வுக்கு அருகிலேயே இருக்கும், ஏனென்றால் டியூப்பின் வால்வு அடிப்பகுதி டயரின் விளிம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்திருக்கும்.

கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாவிட்டால் ஒரு கேபிள் டையை எடுத்து சுவிங் ஆமைச் சுற்றி இறுக்கி, அதன் வாலை டயரின் நடுத்தடத்துக்கு நேரே, ஏறத்தாழத் தொடும் அளவுக்கு வெட்டிவிடுங்கள். சில்லைச் சுற்றும்போது அந்த முனைக்கும் டயருக்கும் இடையிலான வெளிச்சம் ஓரிடத்தில் அடைத்து, மறு இடத்தில் விரிந்தால், மேடும் பள்ளமும் எங்கே என்று உடனே தெரியும். அங்கே சோக்கட்டியால் குறியிடுங்கள். பின்னர் இன்னொரு கேபிள் டையை ரிம்மின் பக்கவிளிம்புக்கு நேரே வையுங்கள். ரிம் அசையாமல் டயர் மட்டும் அசைந்தால் டயர் உட்காரவில்லை. ரிம்மும் சேர்ந்து அசைந்தால் பிரச்சினை ரிம்மில். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் டயரைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டுவதில் பயனில்லை.

உட்காராத டயரைத் திருத்துவது கடினமான வேலையன்று. காற்றை முழுவதும் இறக்கி, இரண்டு பக்க விளிம்புகளையும் ரிம்மிலிருந்து தளர்த்தி, சவர்க்காரத் தண்ணீரைச் சுற்றிவரத் தாராளமாகப் பூச வேண்டும். கிறீஸோ ஒயிலோ மண்ணெண்ணெயோ பூசக்கூடாது. அவை இறப்பரைக் கெடுத்துவிடும், டயர் ரிம்மில் வழுக்கிச் சுழலவும் இடமளிக்கும். வால்வை ஒரு தடவை உள்ளே தள்ளி, டியூப் விடுபட்டதை உறுதி செய்தபின் காற்றை அடித்து, கோடு சீராக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முழுவதும் இறக்கி மீண்டும் செய்ய வேண்டும். எப்படியாவது ஏறட்டும் என்று அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது உயிராபத்தானது. டயரின் பக்கச்சுவரில் உட்காரச் செய்வதற்கான உச்ச அழுத்தம் பொறிக்கப்பட்டிருக்கும். பல மோட்டார் சைக்கிள் டயர்களில் அது 40 பிஎஸ்ஐ. அதற்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது.

நமது ஊருக்கு உரிய ஒரு காரணத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். உவர்க்காற்றில் இரும்பு ரிம் உள்ளே துருப்பிடித்து, டயர் உட்காரும் படியில் செதில் செதிலாக எழும்பியிருக்கும். அதன் மேல் எவ்வளவு சவர்க்காரத் தண்ணீர் பூசினாலும் டயர் வழுக்கி ஏறாது. என் சொந்த வண்டியிலேயே இது நடந்தது. டயரை மாற்றித் தந்த இடத்தில் மூன்று முறை காற்றை இறக்கி அடித்துப் பார்த்துவிட்டு, டயர் வார்ப்பில் பிழை என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றி, கம்பித்தூரிகையால் படியைச் சுரண்டியபோது, கையளவு சிவப்புத் தூள் தாளில் விழுந்தது. மெல்லிய மணற்தாளால் தேய்த்து, துடைத்து, ஒரு பூச்சு வர்ணம் அடித்து, காய்ந்த பிறகு பூட்டினேன். அதே டயர் முதல் முறையிலேயே சீராக உட்கார்ந்தது.

கோடு சீராக இருந்தும், ரிம் நேராக இருந்தும், டயரின் தடம் மட்டும் ஓரிடத்தில் புடைத்திருந்தால், அப்போதுதான் டயரைச் சந்தேகிக்கலாம். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பல வருடங்கள் கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிக் கிடந்த டயரும் சில வேளை இப்படி இருக்கும். புடைத்த டயரை ஓட்டிச் சரிக்கட்டலாம் என்று எண்ண வேண்டாம்; வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஒரு பக்கம் இழுத்தல், வால் நெளிதல்

தாளமில்லாமல், வண்டி நேரே போகும்போது ஒரு பக்கம் சற்றுத் திரும்பியபடியே ஓடுவது போல உணர்ந்தால், அல்லது சிறு பள்ளங்களைக் கடக்கும் போதெல்லாம் வால் ஒரு முறை நெளிந்து பின் நேராகினால், சில்லு கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது. அச்சைத் தளர்த்தி முன்னே தள்ளி, செயினைக் கழற்றி, டயரை மாற்றி, மீண்டும் பின்னே இழுத்து இறுக்கும்போது, அச்சை முன்பின் நகர்த்தும் இரண்டு பக்க அட்ஜஸ்டர்களும் ஒரே அளவில் வரவில்லை என்பதே இதன் பொருள்.

சுவிங் ஆமின் இரு பக்கங்களிலும் உள்ள கோடுகளை எண்ணிப் பார்ப்பது முதற்படி. ஆனால் பழைய வண்டிகளில் அந்தக் கோடுகளை முழுமையாக நம்ப முடியாது; விழுந்தெழுந்த வண்டிகளில் அவை இரு பக்கமும் ஒத்திருந்தாலும் சில்லு நேராக இருக்காது. ஆகவே நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். நீளமான ஒரு நூலின் நடுப்பகுதியைப் பின் டயரின் பின்புறத்தில், ஸ்டாண்டுகளில் முட்டாத அளவுக்கு, முடிந்த மட்டும் உயரமாகச் சுற்றி, இரு முனைகளையும் வண்டியின் இரு பக்கங்களாலும் முன்சில்லைத் தாண்டிக் கொண்டுபோய் இரண்டு கற்களில் கட்டுங்கள். இரண்டு நூல்களும் பின் டயரின் முன்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வரை கற்களை நகர்த்துங்கள். இப்போது கைபிடியை நேராக்கி, முன் டயருக்கும் நூலுக்கும் இடையிலான இடைவெளியை இரண்டு பக்கமும் அடிமட்டத்தால் அளக்க வேண்டும். முன் டயர் ஒடுங்கியது என்பதால் இடைவெளி இருக்கும். அது இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வலப்பக்கம் கூடுதலாக இருந்தால் நூல்கள் முன்னால் வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன, அதாவது பின்சில்லின் முன்பக்கம் வலப்பக்கம் பார்க்கிறது. அச்சின் இடப்பக்க முனையைச் சிறிது பின்னே இழுத்தால் அது இடப்பக்கம் திரும்பும். ஒரு நேரத்தில் அட்ஜஸ்டர் நட்டை அரைச் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் நூலைப் பார்த்துச் செய்யுங்கள்.

நூலில் எல்லாம் சரியாக இருந்து, அச்சு நட்டை இறுக்கியவுடன் மீண்டும் கோணலாவது பலருக்கு நேரும். இறுக்கும் விசையே அச்சைப் பின்னே நகர்த்திவிடுகிறது. மடித்த ஒரு துணியைச் செயினுக்கும் பின் பற்சில்லுக்கும் இடையில் கொடுத்து, சில்லை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால், துணி சிக்கி அச்சை முன்னே இழுத்து இரு அட்ஜஸ்டர்களிலும் அழுத்திப் பிடிக்கும். அந்த நிலையில் நட்டை இறுக்குங்கள். விரல் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; இஞ்சின் ஓடும்போது இதை ஒருபோதும் செய்யக்கூடாது.

செயினின் தொய்வையும் இத்துடன் பாருங்கள். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை அசைவது பெரும்பாலான சிறிய வண்டிகளுக்குப் பொருந்தும். புது டயர் போட்ட சந்தோஷத்தில் செயினையும் விறைப்பாக இழுத்துவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பின்னால் ஒருவர் ஏறியவுடன் சுவிங் ஆம் மேலெழ இடமில்லாமல், ஒவ்வொரு பள்ளத்திலும் சில்லு இழுத்து உதறும். தேய்ந்த செயின் சில இடங்களில் விறைத்தும் சில இடங்களில் தொய்ந்தும் இருக்கும் என்பதால், சில்லைச் சுற்றி, மிக விறைப்பான இடத்தில் வைத்தே அளவெடுக்க வேண்டும்.

கையால் தள்ளினாலே பக்கவாட்டில் ஆடுதல்

சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின் டயரை மேலும் கீழுமாக இரு கைகளால் பிடித்து, ஒன்றைத் தள்ளி மற்றதை இழுங்கள். "டக்" என்று ஓர் அசைவு கைக்குத் தெரிந்தால், அந்த அசைவு எங்கே நடக்கிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சில்லு அசைந்து சுவிங் ஆம் அசையாமல் இருந்தால் பெயாரிங், ஸ்பேசர், அல்லது அச்சு. சுவிங் ஆமும் சேர்ந்து அசைந்தால், அது சேசிஸில் பூட்டப்படும் முன்முனையிலுள்ள புஷ் தேய்ந்துவிட்டது. அது டயர் கடையின் வேலையால் வந்ததன்று. தேய்ந்து தட்டையாகிப் போன பழைய டயர் அந்த அசைவை மறைத்து வைத்திருந்தது, உருண்டையான புது டயர் காட்டிக்கொடுக்கிறது.

சில்லு மட்டும் அசைந்தால், முதலில் ஸ்பேசர்களைப் பாருங்கள். அச்சில் சில்லுக்கு இரு பக்கமும் வரும் குழாய்த்துண்டுகள் பல வண்டிகளில் ஒன்று நீளமாகவும் மற்றது கட்டையாகவும் இருக்கும். அச்சை உருவும்போது இரண்டும் நிலத்தில் விழுந்து உருளும். எடுத்தவர் பக்கம் மாற்றிப் போட்டுவிடுவார். அப்போது சில்லு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கும், பின் பற்சில்லும் முன் பற்சில்லும் ஒரே கோட்டில் இல்லாமல் செயின் உராயும். வண்டியின் பின்னால் குந்தியிருந்து செயினின் மேல்பகுதியை நேராகப் பார்த்தால், அது பின் பற்சில்லில் ஏறும் இடத்தில் ஒரு பக்கம் வளைவது தெரியும்.

இன்னோர் அடையாளம் மிக முக்கியமானது. அச்சு நட் தளர்ந்திருக்கும்போது சில்லு இலகுவாகச் சுற்றி, இறுக்கியவுடன் கனத்து நின்றால், சில்லின் நடுப்பகுதியான ஹப்புக்கு உள்ளே இரண்டு பெயாரிங்குகளுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நீளக் குழாய் இல்லை, அல்லது தேய்ந்து கட்டையாகிவிட்டது. பெயாரிங்கை மாற்றியபோது யாரோ அதைப் போடாமல் விட்டிருப்பார்கள். அந்த நிலையில் நட்டை இறுக்கினால் பெயாரிங்குகளின் உள்வளையங்கள் பக்கவாட்டில் நசுங்கும்; தளர்த்தி விட்டால் சில்லு ஆடும். நட்டைப் பாதி இறுக்கத்தில் வைத்து ஓடுவது இதற்குத் தீர்வாகாது.

பெயாரிங் தானா என்று அறிய, சில்லைக் கழற்றி, உள்வளையத்தில் விரலைவிட்டுச் சுற்றிப் பாருங்கள். நல்ல பெயாரிங் எண்ணெயில் சுற்றுவது போல வழுக்கும். கெட்டது மணலில் சுற்றுவது போல விரலில் கொரகொரக்கும். மீன் பெட்டி கட்டும் வண்டிகளில் உருகிய ஐஸ்நீரும் உப்பும் சேர்ந்து அச்சின் வழியே இறங்கி பெயாரிங்குக்குள் போய்விடுவதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். பெயாரிங்கை மாற்றுவதானால் ஓரத்தில் பொறிக்கப்பட்ட எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் 6202, 6301, 6302 ஆகியவற்றில் ஒன்று வரும். இரு பக்கமும் இறப்பர் மூடியுள்ள வகையைக் கேட்டு வாங்குவது நம் கடற்கரைக்கு ஏற்றது. அச்சை உருவியபோது அதன் துருவைத் தேய்த்துத் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிறீஸ் தடவிப் பூட்டுங்கள்.

ரிம்மும் சேர்ந்து நெளிதல்

கேபிள் டை வைத்துப் பார்த்தபோது ரிம்மே பக்கவாட்டில் அல்லது மேல்கீழாக 2 மில்லிமீற்றருக்கு மேல் அசைந்தால், அதைத் திருத்த வேண்டும். கம்பிச் சில்லு என்றால், ஒரு சிறிய ஸ்பனரால் ஒவ்வொரு ஸ்போக் கம்பியையும் மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். இறுகிய கம்பி மணி போல ஒலிக்கும், தளர்ந்தது மண்சட்டியைத் தட்டியது போலக் கேட்கும். கோட்டம் எடுப்பது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. ஒரு கம்பியை இறுக்கினால் எதிர்ப்பக்கக் கம்பியை அதே அளவு தளர்த்த வேண்டும் என்பதை அறியாமல் தொடங்கினால் சில்லு முட்டை வடிவமாகிவிடும். டியூப் உள்ள சில்லில் இறுக்கிய கம்பியின் முனை ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்து, ரிம் நாடாவை மேலே போடாமல் டயரைப் பூட்டக்கூடாது. அலோய் சில்லு வளைந்திருந்தால் சுத்தியலால் அடித்து நேராக்க இடமளிக்க வேண்டாம். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடும்.

60க்கு மேல் மட்டும் வரும் நடுக்கம்

மெதுவாக ஓடும்போது எதுவும் இல்லாமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இருக்கையில் மெல்லிய அதிர்வு வந்து, அதைத் தாண்டியதும் குறைந்தால், சில்லின் எடை சமநிலை குறைவு. பல டயர்களின் பக்கச்சுவரில் ஒரு சிறு வர்ணப்புள்ளி இருக்கும். டயரின் எடை குறைந்த இடம் அது. வால்வு சில்லுக்கு எடை சேர்ப்பதால், அந்தப் புள்ளியை வால்வுக்கு நேரே வைத்துப் பூட்ட வேண்டும். செயினைக் கழற்றிவிட்டு, பிரேக் உராயாமல் தளர்த்தி, சில்லைச் சுயமாகச் சுற்ற விட்டால், பாரமான இடம் ஒவ்வொரு முறையும் கீழே வந்து நிற்கும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும்

டிஸ்க் உள்ள வண்டி என்றால், டயரைக் கழற்றும்போது சில்லை டிஸ்க் பக்கம் நிலத்தில் படுக்க வைத்து ஏறி மிதித்தார்களா என்று கேளுங்கள். டிஸ்க் வளைந்திருந்தால் பிரேக் மிதியே காலில் துடிக்கும். ட்ரம் என்றால் பிரேக் தட்டு நடுவில் அமரும்படி பூட்ட வேண்டும்: அச்சு நட்டைக் கையிறுக்கத்தில் வைத்து, பிரேக் மிதியை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையிலேயே நட்டை முழுதாக இறுக்குங்கள். பெரும்பாலும் அத்துடன் தீர்ந்துவிடும்.

வளைவில் மட்டும் உணரப்படுவது

நேரே போகும்போது ஒன்றுமில்லை, திரும்பும்போது மட்டும் வண்டி சட்டென்று விழுவது போல இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது கோளாறன்று. நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயரில் பல மாதம் ஓடிப் பழகிய உடல், உருண்டையான புது டயரின் இலகுவான சாய்வை ஆட்டமாக உணர்கிறது. புது டயரின் மேற்பரப்பில் வார்ப்பின் வழுவழுப்பும் இருக்கும். முதல் 100 கிலோமீற்றருக்கு மெதுவாகத் திரும்பி, பிரேக்கை அளவாகப் பிடித்து ஓட வேண்டும், மழை நாளில் இன்னும் கவனமாக.

ஆனால் அளவையும் ஒரு தடவை பாருங்கள். 3.00-17 வர வேண்டிய ஒடுங்கிய ரிம்மில் பார்வைக்காக அகலமான டயரை ஏற்றினால், டயரின் பக்கச்சுவர்கள் உள்ளே நெரிபட்டு, வளைவில் டயர் ரிம்மின் மேல் நின்று அசையும். அதற்கு எந்த அளவு காற்றும் மருந்தாகாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். பக்கச்சுவரிலுள்ள அம்புக்குறி சில்லு முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறு எதுவாக இருந்து, எதைத் திருத்தியிருந்தாலும், 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஸ்பனரை மீண்டும் கையில் எடுங்கள். அச்சு நட், தாங்கும் பட்டையின் இரு முனைகள், ஸ்பிளிட் பின், செயின் தொய்வு, காலையில் அளக்கும் டயர்க் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். புதிதாக இறுக்கிய ஸ்போக் கம்பிகளும் இந்த முதல் ஐம்பதுக்குள் சிறிது தளரும், அவற்றையும் ஒரு முறை தட்டிக் கேளுங்கள். கந்தளாய்க்கோ மூதூருக்கோ குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுவதை அதுவரை தள்ளி வையுங்கள்.